பெரிய 'வேப்' கருவி: புட்டியில் உள்ள எண்ணைப் படித்தீர்களா?

"சிகரெட்டை விட்டுட்டேன்மா, இது வெறும் ஆவிதான்" என்று மகன் சொல்கிறான். தாய்க்கு என்ன பதில் சொல்வதென்று தெரிவதில்லை. சுருட்டு தெரியும், வெற்றிலை பாக்கு தெரியும், சம்சு தெரியும். ஆனால் கையில் செங்கல் துண்டு மாதிரி கனத்து, மேலே ஒரு கண்ணாடிக் குப்பி வைத்து, பொத்தானை அழுத்தினால் ரயில் இஞ்சின் போல் வெண்புகை கக்கும் இந்தச் சாமானை நம் பெரியவர்கள் யாரும் பார்த்ததில்லை.

ஸ்ரீ கெம்பாங்கான் வட்டாரத்தில் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது. பூச்சோங், கின்ராரா, புக்கிட் ஜாலில் தோட்டங்கள் வீடமைப்புகளாக மாறியபின், லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள் பல. பிள்ளைகள் இன்று பட்டறையிலும் தொழிற்சாலையிலும் லாரியிலும் வேலை செய்கிறார்கள். சம்பளம் கைக்கு வந்ததும் முதலில் வாங்கும் சாமான்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. தோட்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கும் சனி, ஞாயிறில் டவுனுக்குப் போய்வரும் அண்ணன்மார் வழியாக இது வந்து சேருகிறது.

நாடு முழுவதும் இதே நிலைதான். 2022-இல் சுகாதார அமைச்சு பள்ளி மாணவர்களிடையே எடுத்த ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 14.9 பேர் மின்சிகரெட் பயன்படுத்துவதாகத் தெரிய வந்தது. 2017-இல் இது 9.8 ஆக இருந்தது. ஆகவே "நம்ம வீட்டுப் பிள்ளை அப்படி இல்லை" என்று இருந்துவிட முடியாது. கருவியைக் கண்டதும் திட்டி, பிடுங்கி, குப்பையில் எறிந்து பயன் இல்லை. அது எப்படி வேலை செய்கிறது, எங்கே ஆளை அடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் பிள்ளை காதில் ஏறும்.

உள்ளே என்ன இருக்கிறது?

அடிப்பாகத்தில் பேட்டரி. அதன் மேல் குப்பி; கடைக்காரர்கள் டேங்க் என்பார்கள். குப்பிக்குள் ஒரு சிறு கம்பிச்சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு. குப்பியில் ஊற்றிய திரவத்தைப் பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும். பொத்தானை அழுத்தினால் கம்பி சூடாகி, பஞ்சிலிருக்கும் திரவம் கொதித்து மேலே வரும். இழுத்து விடுவது அதைத்தான்.

திரவம் என்றால் தண்ணீர் அல்ல. புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டு வழுவழுப்பான பொருள்கள், அவற்றுடன் வாசனை, பெரும்பாலும் நிக்கோட்டின். ஆகவே வெளியே வருவது தண்ணீர் ஆவி என்று சொல்வது சரியல்ல.

சின்னக் கருவிக்கும் பெரிய கருவிக்கும் உள்ள வேற்றுமை சக்தியில்தான் இருக்கிறது. பட்டறையில் வேலை செய்யும் தம்பிகளுக்கு இந்தக் கணக்கு எளிதாகப் புரியும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட். பெரிய கருவிகளில் போடும் கம்பிச்சுருளின் தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 4.2-ஐ 0.15-ஆல் வகுத்தால் 28 ஆம்பியர் வருகிறது. வீட்டில் இஸ்திரிப் பெட்டி செருகும் பிளக்கில் இருக்கும் பியூஸ் 13 ஆம்பியர்தான்! வாட் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 118. பழைய 60 வாட் குண்டு பல்பு இரண்டு எரிகிற சக்தி, முகத்துக்கு நேரே, ஒரு விரல் அகலப் பேட்டரியிலிருந்து வருகிறது.

அந்தப் பேட்டரிக்கு '18650' என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். மடிக்கணினிக்குள்ளும் இதே வகைதான் பல காலம் இருந்தது. நல்ல கம்பெனியார் செய்யும் 18650 பேட்டரிகளிலேயே பல, 20 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து கொடுக்கத் தகுந்தவை அல்ல. உறையின் மேல் 40 என்று அச்சடித்து விற்பதை அப்படியே நம்பக்கூடாது. பழைய மடிக்கணினியிலிருந்தும் பவர் பேங்கிலிருந்தும் கழற்றியதைப் போடுவது அதைவிட மோசம்.

கருவியிலும் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மின்னணுச் சில்லு இருக்கும். மின்சாரம் அளவுக்கு மீறினால், அல்லது எங்காவது உரசி ஷார்ட் ஆனால், அது நிறுத்திவிடும். மற்றதில் அப்படி எதுவும் இல்லை. வெறும் உலோகக் குழாய், பேட்டரி, பொத்தான், அவ்வளவுதான். 'மெக்கானிக்கல் மோட்' என்பது அதுதான். புகை மண்டலம் அதிகம் வருகிறது என்று சில பையன்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள். அமெரிக்காவில் 2018 மே மாதம் புளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சஸில் 24 வயது இளைஞர் ஒருவரும் இத்தகைய கருவி வெடித்து இறந்தார்கள். டெக்சஸ் இளைஞருக்குச் சிதறிய துண்டு கழுத்து ரத்தக்குழாயை அறுத்துவிட்டது. இந்த வகையை நம் வீட்டுக்குள் விடவே கூடாது என்பது நமது கருத்து.

சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் பேட்டரியைத் தனியாகப் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் இருக்கிறதே, அதனால் வரும் தீக்காயம் வெடிப்பால் வருவதைவிட சர்வ சாதாரணமானது. பேட்டரியின் மேற்புறக் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றியுள்ள உடல் முழுதும் நெகட்டிவ். இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு சிறு காகித வளையமும்தான். சாவிக்கொத்தோ, 50 சென் காசோ இரண்டையும் தொட்டுவிட்டால் போதும், தொடையோடு சேர்த்து எரியும். உறை கிழிந்த பேட்டரியை உபயோகிக்கவே வேண்டாம். தனியாக எடுத்துப் போவதென்றால் அதற்கென்று விற்கும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் போடவேண்டும். இரவு மெத்தைமேல் வைத்துச் சார்ஜ் ஏற்றிவிட்டுத் தூங்குவதும் கூடாது. பலகை வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

3-க்கும் 5-க்கும் உள்ள தூரம்

இனிமேல் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பெரிய கருவி வைத்திருப்போர் பலருக்குத் தெரியாத விஷயம் இது.

நிக்கோட்டின் திரவம் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. பெரிய கருவிக்கென்று உள்ளதில் ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம், அல்லது 6 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கும். பேனா போன்ற சின்னக் கருவிக்கென்று உள்ளது 'சால்ட்' வகை. அதில் 30, 35, சிலவற்றில் 50 மில்லிகிராம் வரை இருக்கும். சின்னக் கருவி கொஞ்சமாகத்தான் ஆவி விடும், அதனால் திரவம் வலுவாக இருக்கிறது. பெரிய கருவி ஒரே இழுப்பில் பல மடங்கு ஆவி விடும், அதனால் திரவம் மெலிந்து இருக்கிறது. அந்த அந்தத் திரவத்தை அந்த அந்தக் கருவியில்தான் ஊற்றவேண்டும்.

சின்னக் கருவியின் திரவத்தைப் பெரிய குப்பியில் ஊற்றினால் என்ன ஆகும்? சால்ட் வகை தொண்டையில் காறாது. ஆகவே "போதும், நிறுத்து" என்று உடம்பு சொல்லுமுன்பே நாலைந்து இழுப்பு உள்ளே போய்விடும். தலை கிறுகிறுக்கும், வாயில் எச்சில் ஊறும், குளிர்ந்த வியர்வை வரும், குமட்டி வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும். இருதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ உள்ளவருக்கு இது விளையாட்டல்ல. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போகும் நிக்கோட்டின் சுமார் 1 முதல் 1.5 மில்லிகிராம் வரைதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, 50 மில்லிகிராம் திரவம் நிரப்பிய 5 மில்லிலிட்டர் குப்பியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தக் குப்பிக்குள் 250 மில்லிகிராம் இருக்கிறது.

இதில் ஒரு பெரிய குழப்பமும் உண்டு. சில புட்டியில் மில்லிகிராமில் எழுதியிருக்கும், சிலவற்றில் விழுக்காட்டில் எழுதியிருக்கும். ஒன்றில் '3', மற்றதில் '5' என்று கண்டால், ஏதோ கொஞ்சம்தான் கூட என்று பையன் நினைப்பான். முதலாவது 3 மில்லிகிராம். இரண்டாவது 5 விழுக்காடு, அதாவது மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். பதினாறு மடங்குக்கும் மேலே! "தம்பி, இது நல்லா ஏறும், எடுத்துக்க" என்று கடையில் சொல்வதைக் கேட்டு வாங்காமல், எண்ணுக்குப் பக்கத்தில் 'மி.கி.' அடையாளமா, விழுக்காடு அடையாளமா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்ணே இல்லாத புட்டியை எந்தக் காரணத்தைக் கொண்டும் வாங்கக்கூடாது.

பெயர் தெரியாத புட்டியில் நிக்கோட்டின் மட்டும்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. செயற்கைக் கஞ்சா கலந்த வேப் திரவங்களை நம் நாட்டுப் போலீசார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் திடீரென்று நுரையீரல் கெட்டு இளைஞர்கள் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலப்படமாகச் சேர்த்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்தான் முக்கிய காரணம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் தெரிந்தவர் கையிலிருந்தும் கள்ளத்தனமாகவும் வாங்கியவர்கள்.

குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால்

மருந்து தெளிக்கும் வேலை செய்தவர்களுக்கு நிக்கோட்டினைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. புகையிலையை ஊறவைத்த தண்ணீரைக் கத்தரிச் செடிக்குப் பூச்சிமருந்தாகத் தெளித்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பூச்சியைக் கொன்றது அதிலிருந்த நிக்கோட்டின். அது தோல் வழியாகவும் உள்ளே போகும். ஈரமான புகையிலை இலையைப் பறிக்கும் தொழிலாளர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது உலகமறிந்த தொழில்நோய்.

தோட்டங்களில் பாராகுவாட் களைக்கொல்லியைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்ததால் எத்தனை உயிர் போயிற்று என்பது நமக்குத் தெரியும். அந்த மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேப் திரவத்தைப் பாருங்கள்: மாம்பழ வாசம், திராட்சை வாசம், புட்டியில் பழப்படம். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அது ஜூஸ்தான். நிரப்புகிற வகை என்பதால் புட்டி எப்போதும் வீட்டில் இருக்கும், டிவி மேசைமேலோ தலையணைக்குக் கீழோ கிடக்கும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 2014 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தை நிக்கோட்டின் திரவத்தைக் குடித்து இறந்தது.

ஆகவே புட்டியைப் பூட்டில் வையுங்கள், மருந்து அலமாரி வைப்பதுபோல். கைத்தவறிச் சிந்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தை குடித்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாயைத் துடைத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாந்தி வருகிறதா என்று காத்திருக்க வேண்டாம். உப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, தொண்டைக்குள் விரலை விடுவது போன்ற பாட்டி வைத்தியம் கூடாது. வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும், வலிப்பும் வரலாம். புட்டியை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். அதிலுள்ள எண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு செய்வார். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செர்டாங் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது.

நெஞ்சுக்கு என்ன கேடு?

தாளிக்கும்போது எண்ணெய் கருகிவிட்டால் கண் எரிந்து, மூக்கைப் பிடித்து, இருமல் வருகிறதல்லவா? அந்தக் கார நெடிக்குக் காரணமான பொருளின் பெயர் அக்ரோலின். கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானாலும் அதே அக்ரோலின் உண்டாகும், கூடவே பார்மால்டிஹைடும் வரும். குப்பியில் திரவம் குறைந்து பஞ்சு காய்ந்திருக்கும்போதும், வாட்டைக் கம்பி தாங்காத அளவுக்கு ஏற்றும்போதும் நடப்பது இதுதான். கருகிய ருசி வந்தபின்னும் "சரி, இன்னும் ரெண்டு இழுப்பு" என்று இழுப்பவர் அடுப்பங்கரைப் புகையை வேண்டுமென்றே நெஞ்சுக்குள் அனுப்புகிறார். சூடான கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களும் ஆவியோடு வருவதை ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

வாசனைப் பொருள் சாப்பிடத் தக்கது என்று எழுதியிருக்கும். வயிற்றுக்குத் தக்கது நெஞ்சுக்குத் தக்கது ஆகிவிடாது என்பதைத் தொழிலாளர்கள்தான் உலகுக்குத் தெரியப்படுத்தினார்கள். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஒரு பாப்கார்ன் தொழிற்சாலையின் முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேருக்கு, சிறு மூச்சுக்குழல்கள் தழும்பாகி அடைபடும் தீராத நோய் இருப்பது தெரிய வந்தது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டையசெட்டில் என்ற பொருளின் ஆவியைத் தினமும் சுவாசித்ததால் வந்தது அது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சமைத்தவர்களுக்கு நெஞ்சு போயிற்று. 2015-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் 51 வாசனை வேப் திரவங்களைச் சோதித்ததில் 39-இல் டையசெட்டில் இருந்தது. வேப் இழுத்தவர்களுக்கு அந்த நோய் வந்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பத்து, இருபது வருடம் இழுத்தவர் நெஞ்சு எப்படி இருக்கும் என்று எவரும் உறுதி கூறவும் முடியாது. இந்தக் கருவியை 2003-இல் ஹொன் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கியபின் அவ்வளவு காலம்தான் ஆகியிருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ஒருமுறை காசநோய் வந்து ஆறியவர்களும் இதன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

"அப்படியானால் சிகரெட்டே மேலா?" என்று கேட்பீர்கள். இல்லை. எரிந்த புகையிலையின் தாரும் கரிவாயுவும் இதில் இல்லை. சிகரெட் இதைவிடக் கொடியது என்பதில் டாக்டர்களிடையே பெரிய சண்டை கிடையாது. உலகத்து ஆராய்ச்சிகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு, நிக்கோட்டின் பசை மிட்டாயை விட மின்சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்கள் கூட என்றே கூறுகிறது. நமது சுகாதார அமைச்சு அந்த வழியைப் பரிந்துரைக்கவில்லை. பல வருடம் சிகரெட் பிடித்தவர் அதை முற்றாக நிறுத்திவிட்டு இதற்கு மாறினால் ஏதோ ஒரு லாபம் உண்டு. காலையில் சிகரெட், மாலையில் வேப் என்று இரண்டையும் வைத்துக்கொள்பவருக்கு ஒரு லாபமும் இல்லை. சிகரெட்டே தொடாத 15 வயதுப் பிள்ளை இதை ஆரம்பித்தால் நஷ்டம் மட்டும்தான்.

சட்டம் வந்த கதை

நிக்கோட்டின் திரவம் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. 2023 மார்ச் 31-இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறுநாள், ஏப்ரல் முதல் தேதி, மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி நடப்புக்கு வந்தது. ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்ற சட்டம், அதாவது புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852, நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1-இல். வரி வசூலிக்க ஒரே நாள் போதுமாயிருந்தது. பிள்ளைகளைக் காக்க 18 மாதம் ஆயிற்று. அந்த இடைவெளியில் பழகிக்கொண்ட பிள்ளைகள்தான் இன்று நம் வீட்டில் இருக்கிறார்கள். ஜொகூர் மாநிலம் 2016-லேயே விற்பனையைத் தடுத்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

அந்த 40 சென் கணக்கு நமக்கும் ஒரு விதத்தில் உதவும். 10 மில்லிலிட்டருக்கு வரி மட்டுமே 4 ரிங்கிட் ஆகிறது. வரியை விடக் குறைந்த விலைக்கு ஒரு புட்டி கிடைத்தால் அது வரி கட்டாத சரக்கு. எவர் கலந்தார், எதைக் கலந்தார் என்று கேட்க ஆள் இல்லாத சரக்கு.

விட நினைப்பவர் ஒரே நாளில் கருவியை உடைத்துப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் புதிதாக வாங்குவதைவிட, 6-லிருந்து 3-க்கு, 3-லிருந்து நிக்கோட்டின் இல்லாததற்கு என்று இறங்கி வரலாம். இறங்கும்போது இழுப்பின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கம் வராது, எரிச்சல் வரும், பசிக்கும்; முதல் இரண்டு மூன்று வாரம் வீட்டில் உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகை நிறுத்தும் பிரிவு உண்டு. ஸ்ரீ கெம்பாங்கான் கிளினிக்கில் போய், "வேப் பழக்கத்தை விடவேண்டும்" என்று நேரடியாகக் கேளுங்கள். சிகரெட் பிடிப்பவர்தான் போகவேண்டும் என்பதில்லை.

பேட்டரி வெடித்துச் சுட்டுவிட்டால், எரியும் துணியைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், மஞ்சள் எதையும் பூசாதீர்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து கசிந்த மருந்து தோலில் பட்டிருக்கிறது என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சாதாரணத் தீக்காயத்துக்கும் அதற்கும் வைத்தியம் கொஞ்சம் வேறு. நிக்கோட்டின் நஞ்சு சம்பந்தமாக யோசனை கேட்கப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நஞ்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கூப்பிடலாம். ராத்திரியில் அங்கே பதில் கிடைக்காவிட்டால், அல்லது பிள்ளை மயங்கினாலோ வலிப்பு வந்தாலோ, உடனே 999.